உடனடிச் செய்திச் சேவைகளின் வரலாறு: திறந்த நெறிமுறையும் மூடிய நிறுவனங்களும்

ஜிமெயில் முகவரி வைத்திருப்பவர் யாஹூ முகவரிக்கு மடல் அனுப்பலாம். ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்த வழங்கியில் நடத்தும் முகவரிக்கும் அனுப்பலாம். ஏர்டெல் எண்ணிலிருந்து பிஎஸ்என்எல் எண்ணை அழைக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் இருப்பவர், டெலிகிராமில் மட்டும் இருக்கும் நண்பருக்கு ஒரு வரிகூட அனுப்ப முடியாது. இரண்டு செயலிகளும் ஒரே கைப்பேசியில், ஒரே இணைய இணைப்பில்தான் இயங்குகின்றன. இருந்தும் ஒன்றின் செய்தி மற்றதற்குப் போகாது.

இதைத் தொழில்நுட்பக் குறை என்று எண்ணுபவர்கள் உண்டு. அப்படி அன்று. வெவ்வேறு நிறுவனங்களின் பயனர்கள் தங்களுக்குள் உடனடிச் செய்தி அனுப்பிக்கொள்வதற்கான பொது நெறிமுறை 2004-ஆம் ஆண்டிலேயே இணையத் தரமாக வெளியானது. உலகின் மிகப் பெரிய இணைய நிறுவனங்களில் ஒன்று அதை ஏழு ஆண்டுகளுக்கு மேல் நடத்தியும் காட்டியது. பிறகு கைவிட்டது. வழி திறந்து மீண்டும் அடைபட்ட கதை இது.

மின்னஞ்சல் தப்பித்த விதம்

1971-இல் ரே டாம்லின்சன் அர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பும் நிரலை எழுதினார். பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தவரும் அவரே. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 ஆவணம், எஸ்எம்டிபி என்னும் மடல் நெறிமுறையை வரையறுத்தது. அந்த ஆவணத்தை யாரும் படிக்கலாம், அதன்படி நிரல் எழுதலாம். உரிமத்தொகை கிடையாது, அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் 1980-களில் காசு கொடுத்து மின்னஞ்சல் பயன்படுத்திய பொதுமக்கள் இந்த வலையமைப்பில் இல்லை. அவர்கள் கம்ப்யூசர்வ், எம்சிஐ மெயில் போன்ற வணிகச் சேவைகளில் இருந்தனர். ஒவ்வொன்றும் தனித் தீவு. 1989-இல் எம்சிஐ மெயிலும் கம்ப்யூசர்வும் இணையத்துடன் மடல் பரிமாற்றத் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டன. எம்சிஐ மெயிலை உருவாக்கியவர்களில் ஒருவரும் இணைய நெறிமுறைகளின் முன்னோடிகளில் ஒருவருமான விண்ட் செர்ஃப் அதற்கு முயற்சி எடுத்தார். 1990-களில் மற்ற சேவைகளும் அதே வழியில் வந்தன.

இது நிறுவனங்களின் பெருந்தன்மை என்று கருத வேண்டியதில்லை. வெளியே இருந்த இணையம் எந்தத் தனிச் சேவையையும்விட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. தீவுக்குள் அடைந்து கிடப்பது நட்டம் என்று கணக்குப் பார்த்தே அவர்கள் பாலம் கட்டினர். பொது நெறிமுறை முதலில் பரவியது, வணிகச் சேவைகள் பின்னால் வந்து சேர்ந்தன. உடனடிச் செய்தியில் இந்த வரிசை தலைகீழாக அமைந்தது.

தொலைபேசியிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1890-களில் பெல்லின் காப்புரிமைகள் காலாவதியான பின் அமெரிக்க ஊர்களில் போட்டி நிறுவனங்கள் தோன்றின. ஒரு நிறுவனத்தின் தொலைபேசியிலிருந்து மற்றதை அழைக்க முடியாததால், கடைக்காரர்கள் இரண்டு தொலைபேசிகளை வைத்துக்கொள்ள நேர்ந்தது. அரசின் நெருக்குதலுக்குப் பின், 1913 டிசம்பரில்தான் ஏடி&டி நிறுவனம் சுயேச்சை நிறுவனங்களைத் தன் நெடுந்தொலைவு இணைப்பில் சேர்க்க ஒப்புக்கொண்டது. கைப்பேசியில் நான்கு அரட்டைச் செயலிகளை நிறுவியிருக்கும் இன்றைய பயனருக்கு அந்தக் கடைக்காரரின் நிலை எளிதில் புரியும்.

ஐசிக்யூவும் ஏஓஎல்லும்

இணையத்தில் அரட்டை புதிதன்று. பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் 1988-இல் உருவாக்கிய ஐஆர்சி, பல வழங்கிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் திறந்த அமைப்பு. ஆனால் அது பொது மண்டபம் போன்றது. 'என் நண்பர் இப்போது இணைப்பில் இருக்கிறாரா?' என்ற கேள்விக்கு எளிதாக விடை தரும் நண்பர் பட்டியல் அதில் இல்லை.

அந்த விடையை வெகுமக்களுக்குக் கொண்டுவந்தது ஐசிக்யூ. டெல் அவிவ் நகரின் மிராபிலிஸ் என்ற சிறு நிறுவனம் 1996 நவம்பரில் இதை வெளியிட்டது. 'உன்னைத் தேடுகிறேன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் ஒலிப்பே அதன் பெயர். ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் தரப்பட்டது. யார் இணைப்பில் இருக்கிறார் என்ற தகவல் நிறுவனத்தின் மைய வழங்கியில் இருந்தது. தொடக்கத்தில் இது பொறியியல் வசதிக்கான ஏற்பாடுதான். ஆனால் எல்லாருடைய நண்பர் பட்டியலும் ஒரே கதவுக்குப் பின்னால் போய்விட்டது. அந்தக் கதவின் மதிப்பை விரைவில் ஒருவர் உணர்ந்தார்.

1997-இல் அமெரிக்கா ஆன்லைன், அதாவது ஏஓஎல், தன் சந்தாதாரர் அல்லாதோருக்கும் இலவசமாக ஏஐஎம் என்ற செய்தி நிரலை வெளியிட்டது. அடுத்த ஆண்டே மிராபிலிசை 28.7 கோடி டாலர் முன்பணம் கொடுத்து வாங்கியது. அன்றைய உலகின் இரு பெரும் உடனடிச் செய்தி வலையமைப்புகளும் ஒரே முதலாளியிடம் சேர்ந்தன. அப்போதும் அவை இரண்டையும் ஏஓஎல் உடனே இணைத்துவிடவில்லை.

1999 கோடையில் நடந்த சண்டை

1999 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் எம்எஸ்என் மெசஞ்சரை வெளியிட்டது. அதில் ஒரு தந்திரம் இருந்தது. பயனர் தன் ஏஐஎம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், எம்எஸ்என் மெசஞ்சர் நேரடியாக ஏஓஎல் வழங்கியுடன் பேசி, அங்குள்ள நண்பர்களையும் பட்டியலில் காட்டும். ஏஓஎல்லின் நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் வெளியிலிருந்தே கவனித்துக் கண்டறிந்திருந்தனர்.

ஏஓஎல் உடனே தடுத்தது. மைக்ரோசாஃப்ட் நிரலை மாற்றி மீண்டும் நுழைந்தது. ஏஓஎல் மீண்டும் தடுத்தது. சில வாரங்கள் இப்படியே ஓடின. பயனர்களுக்கு ஒரு நாள் நண்பர்கள் தெரிவார்கள், மறுநாள் காணாமல் போவார்கள்.

இறுதியில் ஏஓஎல் கையாண்ட முறை மென்பொருள் வரலாற்றில் விசித்திரமானது. ஏஐஎம் நிரலில் ஒரு நினைவகப் பிழை இருந்தது. ஒதுக்கிய இடத்தைவிட நீளமான தரவு வந்தால், அது வழிந்து அடுத்த பகுதிக்குள் புகுந்துவிடும். நச்சுநிரல் எழுதுவோர் கணினிகளைக் கைப்பற்றப் பயன்படுத்தும் ஓட்டை இதுவே. ஏஓஎல் தன் வழங்கியிலிருந்து அந்த ஓட்டையை வேண்டுமென்றே தூண்டும் தரவை அனுப்பியது. உண்மையான ஏஐஎம் நிரல் அதில் சிக்கி, எதிர்பார்த்த விடையைத் திருப்பி அனுப்பும். எம்எஸ்என் நிரலில் அந்தப் பிழை இல்லாததால் அதனால் விடை தர முடியவில்லை. பிழை இருந்தால்தான் அசல் என்று நிரூபிக்க முடியும் என்ற நிலை. அப்போது மைக்ரோசாஃப்ட் தரப்பில் பணியாற்றிய டேவிட் ஆவர்பாக் 2014-இல் இதை விரிவாக எழுதினார்.

மைக்ரோசாஃப்ட்டும் தூய கையோடு நிற்கவில்லை. ஏஓஎல்லின் இந்தச் செயலை அம்பலப்படுத்த, சுயேச்சையான நிரலாளர் எழுதுவதுபோல் ஒரு பொய்ப்பெயரில் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவருக்கு மடல் போனது. மடலின் தலைப்பகுதியைப் பார்த்த ஆய்வாளர், அது மைக்ரோசாஃப்ட்டின் வலையமைப்பிலிருந்தே வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடனடிச் செய்தியில் திறந்த தரம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் பேசிய அதே ஆண்டில், உலாவிச் சந்தையில் போட்டியை நசுக்கியதாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் அது நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது. பின்தங்கியிருப்பவர் திறப்பைக் கேட்பதும், முந்தியிருப்பவர் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பதும் இந்த வரலாறு முழுவதும் காணப்படும். வேடங்கள் மட்டும் கைமாறும்.

மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு முடிவதற்குள் முயற்சியைக் கைவிட்டது. 2001 ஜனவரியில் ஏஓஎல், டைம் வார்னர் நிறுவனங்களின் இணைப்புக்கு ஒப்புதல் தந்த அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு நிபந்தனை விதித்தது. போட்டியாளர்களுடன் செய்தி வலையமைப்பை இணைக்கும்வரை, அகலக்கற்றையில் இயங்கும் காணொளி போன்ற மேம்பட்ட செய்திச் சேவைகளை ஏஓஎல் தரக்கூடாது. சாதாரண எழுத்துச் செய்தி நிபந்தனைக்குள் வரவில்லை. எனவே ஏஓஎல் இணைக்கவும் இல்லை, பெரிதாக இழக்கவும் இல்லை. போட்டி பெருகிவிட்டது என்று கூறி ஆணையம் 2003 ஆகஸ்டில் நிபந்தனையையே நீக்கியது. வருங்காலச் சேவையைப் பிடித்துக்கொண்டு நிகழ்காலச் சேவையை விட்டுவிட்ட ஆணை அது.

ஜாபர்

இந்தச் சண்டைக்குச் சில மாதங்கள் முன்பு, 1999 ஜனவரியில், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஜெரமி மில்லர் ஜாபர் என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். அதன் அடிப்படை எளியது. முகவரி மின்னஞ்சல் போலவே பெயர், @ குறி, களப்பெயர் என அமையும். யார் வேண்டுமானாலும் ஒரு வழங்கியை நடத்தலாம். வழங்கிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஒரு வழங்கி பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்கு மாறலாம், அங்கிருந்தும் பழைய நண்பர்களுடன் பேசலாம்.

இணையப் பொறியியல் செயற்குழு இந்த நெறிமுறையை எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் ஏற்று, 2004 அக்டோபரில் ஆர்எஃப்சி 3920, 3921 ஆகிய ஆவணங்களாக வெளியிட்டது. மின்னஞ்சலுக்கு எஸ்எம்டிபி எப்படியோ, உடனடிச் செய்திக்கு இது அப்படி. ஆனால் 22 ஆண்டு தாமதம். அதற்குள் கோடிக்கணக்கானோர் ஏஐஎம், யாஹூ, எம்எஸ்என் தீவுகளில் குடியேறியிருந்தனர்.

பயனர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் சமாளித்தனர். எல்லாக் கணக்குகளையும் ஒரே சாளரத்தில் காட்டும் நிரல்கள் வந்தன. அவற்றுள் கெய்ம் என்ற கட்டற்ற நிரல் புகழ்பெற்றது. அதன் பெயருக்குள் ஏஐஎம் என்ற தங்கள் வணிகக்குறி இருப்பதாக ஏஓஎல் நெடுநாள் ஆட்சேபித்ததால், 2007-இல் அது பிட்ஜின் என்று பெயர் மாறியது. மூலநிரல் திறந்திருந்ததால் பிட்ஜினின் இடைமுகத்தைத் தன்னார்வலர்கள் தமிழிலும் மொழிபெயர்த்தனர். மூடிய நிரல் ஒன்றில் இதற்கு நிறுவனம் மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கூகுள் டாக்: திறந்ததும் மூடியதும்

2005 ஆகஸ்டு 24 அன்று கூகுள் டாக் வெளிவந்தது. அது எக்ஸ்எம்பிபியின் மேல் கட்டப்பட்டிருந்தது. 2006 ஜனவரியில் கூகுள் தன் வழங்கிகளை வெளியுலகத்துக்கும் திறந்தது. அன்றுமுதல் ஜிமெயில் பயனர், ஒரு கல்லூரி மாணவர் தன் அறையில் நடத்தும் ஜாபர் வழங்கியில் இருப்பவருடனும் பேச முடிந்தது. கூகுளின் அனுமதி தேவையில்லை. உடனடிச் செய்தி மின்னஞ்சலாக மாறப்போகிறது என்று பலர் நம்பினர்.

அந்த நம்பிக்கைக்குக் காரணங்கள் இருந்தன. 2006-இல் யாஹூவும் மைக்ரோசாஃப்ட்டும் தங்கள் மெசஞ்சர்களை ஒன்றோடொன்று இணைத்தன. 2010-இல் பேஸ்புக் தன் அரட்டைக்கு எக்ஸ்எம்பிபி வாயிலைத் திறந்தது. ஆனால் உற்றுப் பார்த்தால் இவை வேறு வகை. யாஹூ-மைக்ரோசாஃப்ட் இணைப்பு இருவருக்கிடையிலான ஒப்பந்தம் மட்டுமே. 2012 டிசம்பரில் முடிந்துபோனது. பேஸ்புக், பிட்ஜின் போன்ற நிரல்களிலிருந்து தன் கணக்குக்குள் நுழைய அனுமதித்ததே தவிர, வெளி வழங்கிகளுடன் பேசவில்லை. அந்த வாயிலும் 2015-இல் மூடப்பட்டது.

உண்மையில் திறந்திருந்தது கூகுள் மட்டும்தான். அதுவே அதன் சங்கடமாயிற்று. 2013 மே மாதம், மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் தளத்தில் கூகுள் டாக் நண்பர்களுடன் பேசும் வசதியைச் சேர்த்தது. பதிலுக்குத் தன் பயனர்களைக் கூகுளுக்குத் திறக்கவில்லை. அதே வாரம் நடந்த கூகுள் மாநாட்டு மேடையில் லாரி பேஜ் இதை வெளிப்படையாகக் குறைகூறினார். ஆனால் அதே மாநாட்டில்தான், வெளி வழங்கிகளுடன் பேசாத ஹேங்அவுட்சை கூகுள் தன் புதிய செய்திச் சேவையாக அறிவித்தது.

கூகுள் தரப்பில் நியாயமே இல்லை எனச் சொல்ல முடியாது. பெரிய போட்டியாளர் எவரும் திறக்காதபோது தான் மட்டும் திறந்திருப்பதில் பயன் குறைவு. வெளி வழங்கிகளிலிருந்து எரித அழைப்புகள் குவிந்ததும் உண்மை. ஆனாலும் எக்ஸ்எம்பிபி உலகத்துக்கு இது பேரிடி. அதன் பயனர்களில் பலருக்கு நண்பர்கள் இருந்தது கூகுளில்தான். 2014 மே 19 முதல் பல எக்ஸ்எம்பிபி வழங்கிகள், ஸ்னோடென் வெளிப்பாடுகளுக்குப் பிந்தைய விழிப்பில், வழங்கிகளுக்கிடையே மறையாக்கத்தைக் கட்டாயமாக்கின. கூகுளின் வழங்கிகள் அதை ஆதரிக்கவில்லை. மிச்சமிருந்த இழையும் அங்கே அறுந்தது. பழைய கூகுள் டாக் வாயில் 2022 ஜூனில் முற்றாக மூடப்பட்டது.

பயனர் முகவரியும் நண்பர் பட்டியலும் ஒரு நிறுவனத்தின் முடிவைச் சார்ந்திருக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு ஏஓஎல் முதல் எடுத்துக்காட்டு என்றால், கூகுள் இரண்டாவது. இதில் இரண்டாவதே அதிகம் கவலைக்குரியது என்பது இக்கட்டுரையின் கருத்து. முதலாவது மூடிய வீடு என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது, பொதுவழி என்று நம்பி மக்கள் நடந்த பாதை.

வாட்ஸ்அப்

ஜான் கூம், பிரையன் ஆக்டன் இருவரும் 2009-இல் தொடங்கிய வாட்ஸ்அப் கைப்பேசி எண்ணையே முகவரியாக்கியது. பெயர், கடவுச்சொல், நண்பரைச் சேர்க்கும் சடங்கு எதுவும் இல்லை. தொலைபேசி நூலில் உள்ளவர்களே நண்பர்கள். குறுஞ்செய்திக்குக் காசு பிடித்த காலத்தில் இது காட்டுத்தீயாகப் பரவியதில் வியப்பில்லை.

அதன் உள்ளே ஓடியது எக்ஸ்எம்பிபியின் மாற்றிய வடிவம். வழங்கி, எஜாபர்டி என்னும் கட்டற்ற ஜாபர் வழங்கியிலிருந்து வளர்ந்தது. எல்லாரும் எல்லாரோடும் பேசுவதற்காக எழுதப்பட்ட திறந்த மென்பொருளைக் கொண்டு, வெளியாரோடு பேசாத வலையமைப்பு கட்டப்பட்டது. உரிமம் அதை அனுமதித்தது. சட்டப்படி அதில் குற்றமில்லை. 2014 பிப்ரவரியில் பேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, 45 கோடிப் பேர் அதை மாதந்தோறும் பயன்படுத்தினர். பணியாளர்கள் 55 பேர். கொடுத்த விலை நிரலுக்கு அன்று, அந்த 45 கோடித் தொலைபேசி நூல்களுக்கு என்று கொள்வதே பொருந்தும்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனர் அனைவருக்கும் முழு மறையாக்கத்தை இயக்கியது. நூறு கோடிப் பேரின் செய்திகளை நிறுவனமே படிக்க முடியாதபடி ஆக்கிய மாற்றம் அது. மின்னஞ்சலில் பிஜிபி மறையாக்கம் 1991 முதல் இருந்தும் சாமானியர்களிடம் பரவவில்லை. அந்த மறையாக்கத்தை வடிவமைத்த மாக்ஸி மார்லின்ஸ்பைக், ஆயிரம் வழங்கிகள் சேர்ந்த கூட்டமைப்பால் இவ்வளவு விரைவாக மாற முடியாது, அது பழைய நெறிமுறையிலேயே உறைந்துவிடும் என்று அதே ஆண்டில் வாதிட்டார். திறந்த நெறிமுறையை ஆதரிப்போர் இந்த வாதத்துக்கு முழுமையான விடை இன்னும் தரவில்லை. பல சேவைகளுக்குப் பொதுவான குழு மறையாக்கத் தரம் ஆர்எஃப்சி 9420 என 2023 ஜூலையில்தான் வந்தது.

இதற்கிடையே பழைய தீவுகள் ஒவ்வொன்றாக மூழ்கின. ஏஐஎம் 2017 டிசம்பர் 15, யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை, ஐசிக்யூ 2024 ஜூன் 26. எம்எஸ்என் மெசஞ்சரின் இடத்துக்கு வந்த ஸ்கைப் 2025 மே 5. அவற்றில் சேர்ந்த எண்களும் பெயர்களும் இன்று எதையும் திறக்காத சாவிகள்.

இந்தியாவில்: யுபிஐயும் அரட்டையும்

இந்தியாவில் இக்கேள்வி வேறு துறையிலிருந்து வந்தது. 2016 ஏப்ரலில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அறிமுகப்படுத்திய யுபிஐயில், போன்பே வைத்திருப்பவர் கூகுள் பே வைத்திருப்பவருக்குப் பணம் அனுப்பலாம். தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் குறியீட்டை எந்தச் செயலியாலும் படிக்கலாம். பணம் போகும் வழியில் செய்தி மட்டும் ஏன் போகாது என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

சென்னையைத் தளமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2021 ஜனவரியில் 'அரட்டை' என்ற தமிழ்ப் பெயருடனேயே ஒரு செய்திச் செயலியை வெளியிட்டது. 2025 செப்டம்பரில் அது திடீரெனப் பெரும் கவனம் பெற்றபோது, நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, செய்திச் சேவைகள் யுபிஐ, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் அப்போது இல்லை என்ற விமர்சனமும் கூடவே எழுந்தது. பின்தங்கியிருப்பவர் திறப்பைக் கேட்பது 1999-இலும் நடந்ததுதான். அதனால் கோரிக்கை தவறாகிவிடாது. கேட்பவர் முந்தும் நாளிலும் அதையே சொல்வாரா என்பதைக் கூகுளின் கதை தெரிந்தவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

யுபிஐயும் முழு மருந்தன்று. பொது நெறிமுறை இருந்தும் பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி இரண்டு செயலிகளின் வழியே நடக்கிறது. ஒரு செயலிக்கு 30 விழுக்காடு என்ற உச்சவரம்பு 2020-இல் அறிவிக்கப்பட்டும், நடைமுறைக்கெடு 2026 முடிவுவரை தள்ளிப்போடப்பட்டது. எனினும் அந்த இரண்டில் ஒன்று நாளை மூடினால், பயனர் வேறு செயலியில் அதே வங்கிக் கணக்குடன் தொடரலாம். ஐசிக்யூ பயனருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஐரோப்பியச் சட்டம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைகள் சட்டம் 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 7-ஆவது பிரிவு, 'வாயிற்காவலர்' என அறிவிக்கப்பட்ட செய்திச் சேவை, கோரும் சிறிய சேவைகளுடன் இணைய வேண்டும் என்கிறது. இணைப்பில் மறையாக்கத்தின் தரம் குறையக்கூடாது. 2023 செப்டம்பர் 6 அன்று மெட்டாவின் வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் அப்படி அறிவிக்கப்பட்டன. ஆப்பிளின் ஐமெசேஜ் ஆராயப்பட்டு, 2024 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டது.

2001-இன் அமெரிக்க ஆணை போலன்றி, இது எளிய எழுத்துச் செய்தியிலிருந்து தொடங்கி மேலே போகிறது. இருவருக்கிடையிலான எழுத்து, படம், குரல்பதிவு முதலில். குழு உரையாடல் அறிவிப்பிலிருந்து இரண்டு ஆண்டில். குரல், காணொளி அழைப்புகள் நான்கு ஆண்டில், அதாவது 2027 செப்டம்பருக்குள். ஆனால் சிறிய சேவை தானாக விண்ணப்பிக்க வேண்டும், மெட்டாவின் தொழில்நுட்ப நிபந்தனைகளை ஏற்க வேண்டும், பயனரும் விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு, இந்தியப் பயனர்கள் உட்பட, இந்த உரிமை கிடையாது.